சைக்கிள் ஓட்டத் தெரியாத பிரேக்கம்மா

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவரைப் பிரேக்கம்மா என்பார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, பஸ்ஸில் பயணியாகப் போகும்போதும் அவருடைய வலது கால் தரையை அமுக்கும். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

விவாகரத்துக்குப் பின் மகள் அப்பாவோடு இருந்தாள். விடுமுறைக்கு அம்மாவிடம் வருவாள். ஒருமுறை அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல், போனை அணைத்துவிட்டு, காரில் வெளியூருக்குக் கூட்டிப்போய்விட்டார். மறுநாள் திரும்பியபோது வாசலில் போலீஸ். யானைக்கும் அடி சறுக்கும் என்று குடும்ப நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா? வாரம் ஒருமுறை, சந்திப்பு மையத்தில், மேற்பார்வையாளர் முன்னால் மட்டும் பார்க்கலாம். குழந்தையை வண்டியில் ஏற்றவே கூடாது என்று உத்தரவானது. ஆறு மாதம் கழித்து நீதிபதி மகளிடமே கேட்பார். அவள் வேண்டாம் என்றால் இந்தச் சந்திப்பும் போய்விடும்.

மையத்து அறையில் ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், முனை உடைந்த வண்ணப் பென்சில்கள். கிடைத்த நேரத்துக்குள் மகளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் அவசரம் அம்மாவுக்கு.

"கோட்டைத் தாண்டாத. மெதுவா. இப்ப பச்சையை எடு."

ஒன்பது வயது மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஏம்மா, நான் என்ன காரா?"

அடுத்த வாரம் வயிற்றுவலி என்று அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கம்மா நீதிபதி கேட்கப்போகும் நாளுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஒரு பல் டாக்டர் கார் பழக வந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். இப்படிப் பயந்தவர்களுக்குப் பிரேக்கம்மா ஒரு வழி வைத்திருந்தார். இடம் மாறி உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுறேன்" என்பார். சொன்னபடியே ஓட்டுவார். வேண்டுமென்றே தப்பும் செய்வார்.

"இடது பக்கம்! ஐயோ, கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்று பல் டாக்டர் கத்தினார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

பிரேக்கம்மா வண்டியை ஓரங்கட்டினார். இத்தனை பேருக்குக் கொடுத்த இடத்தைத் தன் மகளுக்கு ஒருநாளும் கொடுக்கவில்லையே!

அடுத்த சந்திப்பில் மேசைமேல் கை வைக்காமல் உட்கார்ந்தார். "இன்னிக்கு நீதான் டீச்சர். எனக்குத் தெரியாத ஒண்ணைக் கத்துக்குடு."

"உனக்கு என்னதான் தெரியாது?"

"சைக்கிள்."

"பொய்!"

"சத்தியமா. நேரா கார்தான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மையத்தின் பின்முற்றத்தில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பிரேக்கம்மா மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"குழந்தையைத்தான் ஏத்தக் கூடாது. உங்களை ஏத்தலாம், ஏறுங்க" என்றார் அவர்.

வாராவாரம் பாடம் நடந்தது. "கீழ பாக்காதம்மா! எதிர பாரு! அங்க ஏது பிரேக்கு, எதுக்குக் காலை உதைக்கிற?" மகள் முன்னால் நின்று அதட்டுவாள், மேற்பார்வையாளர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். விழுந்த பிரேக்கம்மா எழுந்து, மகள் சொன்னபடியே மறுபடி ஏறுவார். மகள் கடிகாரத்தை மறந்துபோனாள்.

ஆறு மாதம் முடிந்தது. நீதிபதி தன் அறையில் மகளைக் கேட்டார். "அம்மாவைப் பாக்க வாரம் ஒருநாள் போதுமா பாப்பா?"

"எப்படி சார் போதும்? நேரா நல்லா ஓட்டுறாங்க. வளைக்கச் சொன்னா செவுத்துல போய் முட்டுறாங்க. ரெண்டு நாளாவது வேணும்."

நீதிபதி அப்பாவையும் அம்மாவையும் உள்ளே அழைத்து, அப்பாவிடம் சம்மதமா என்று கேட்டார். அப்பா தன் முன்னாள் மனைவியின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தார்.

"ஆட்சேபணை இல்லை சார். அவங்களுக்கு ஒரு ஹெல்மெட் மட்டும் வாங்கச் சொல்லுங்க."

இனி வார இறுதி முழுக்க அம்மா வீட்டில். மேற்பார்வை இல்லை, வண்டித் தடையும் இல்லை.

சனிக்கிழமை காலை மகள் பையை சோபாவில் வீசிவிட்டு நேராக ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"என்னம்மா இது, தண்ணி பாட்டில் மட்டும் குடித்தனம் பண்ணுது?"

"ராத்திரியெல்லாம் வீட்டைத் துடைச்சதுல மறந்தே போச்சுடி. கடைக்குப் போலாமா?"

"போலாமாவா? பசிக்குது, கிளம்பு!"

பிரேக்கம்மா சாவியைத் தேடி எடுத்து வீட்டைப் பூட்டுவதற்குள் மகள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.