புஷ்பமக்காவின் காருக்கு மூளை மாற்றிய கிழமை

"உம்மடை மனிசன் தொடுறதுக்கு முதல் என்ரை கார் நாளுக்கு ஒருக்காத்தான் நிண்டது. இப்ப சந்திக்குச் சந்தி நிக்குது. அவரும் கதைக்கமாட்டார், நீரும் பேசாமல் வெங்காயம் உரிக்கிறீர். அப்ப நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

இப்படிக் கேட்டவ புஷ்பமக்கா. மன்னார்க்காரி. கேட்ட இடம் எங்கள் சமையலறை வாசல். "அக்கா, கார் கீழை நிக்குது, மனிசனும் கீழை நிக்கிறார். நீங்கள் இரண்டு மாடி ஏறி வந்தது எனக்கு என்னத்துக்கு?" என்றேன். "அவரிட்டைக் கேட்டால் 'பாப்பம்' எண்டுறார். 'பாப்பம்' எண்டதை நான் வேலை வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றா.

கார் மின்வேலைக்காரரைக் கட்டினவளுக்கு ஒரு உத்தியோகம் தானாகவே வந்து சேரும். விண்ணப்பம் இல்லை, லீவு இல்லை, முறைப்பாடு கேட்கிற கதிரை மட்டும் உண்டு. ஒரேத்தோ என்கிற இத்தாலியத் தெருவில் கீழே கராஜ், மேலே வீடு. என் மனிசன் அன்ரன் ஒரு நாளைக்குப் பேசுகிறதை ஒரு தபாலட்டையில் எழுதலாம். மிச்சத்தை நான் பேசவேண்டும். கொன்வென்ற் சிஸ்டர்மார் எனக்கு ஆங்கிலமும் தையலும் அடக்கமும் படிப்பித்தார்கள். முதல் இரண்டும் நின்றன. கராஜுக்கு மேலே குடியிருக்கிற சகோதரிகளே, மூன்றாவது ஏன் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் நிலைமையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவவைச் சண்டைக்காரி என்று நினைப்பீர்கள். மொந்தெல்லோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்க்கிற வேலை. காலமை ஆறரைக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ் இல்லை. கார் வழியில் நின்று நின்று மூன்று தரம் பிந்திவிட்டா. "இன்னொரு தரம் பிந்தினால் வரவேண்டாம்" என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டுக் கத்தானியாவில் மகளிடம் ஒரு கிழமை போயிருந்தா. வேலைக் கடிதம் இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஏலாது. அவ திரும்பி வருகிற திங்கட்கிழமைக்குள் கார் சுகமாகவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சமைத்தவன் பிழை

எங்களிடம் வருமுன்பே காரில் அக்காவின் மச்சான் யோகன் கைவைத்திருந்தான். அவனுக்கு உணவகத்தில் சமையல் வேலை. வீடியோ பார்த்துப் புதுப் பற்றரி போட்டான். நிற்கவில்லை நோய். ஒரு சென்சரை மாற்றினான், பிறகு இன்னொன்றை மாற்றினான். அதன்பிறகுதான் கார் எங்கள் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. அன்ரன் ஸ்கானரைக் கொழுவினார். ஒன்பது பிழை வந்தது. ஒன்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடம்.

"ஒன்பதையும் மாத்துவமோ?" என்று யோகன் கேட்டான். அன்ரன் பற்றரியைப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார், எர்த் வயரைச் சுரண்டித் திரும்பப் பூட்டினார். பெட்டிக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதோ என்றும் பார்த்தார். எல்லாம் சரி. பிறகுதான் வாய் திறந்தார்: "கலியாண வீட்டிலை ஒன்பது பேருக்கு வயித்தாலை போனால் ஒன்பது பேரையும் ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாக்கிறேல்லை. சமைச்சவன்ரை கையைத்தான் பாக்கிறது." சமைத்தவன் என்று அவர் சொன்னது சென்ட்ரலினாவை, எஞ்சினுக்கு என்ன செய்வதென்று சொல்லிக்கொண்டிருக்கிற மூளைப் பெட்டி அது. யோகனின் முகம் மட்டும் கறுத்துப்போனது. "அண்ணை, காரைப் பற்றிக் கதைக்கேக்கை என்ரை தொழிலை ஏன் இழுக்கிறியள்?"

ஹெயர் டிரையர்

சந்தேகம் வேறு, நிச்சயம் வேறு. ஆறிக் கிடந்து எடுத்தால் கார் நல்ல பிள்ளையாக ஓடியது. ஓடி எஞ்சினுக்குச் சூடு ஏறினால் செத்தது. செவ்வாய்க்கிழமை நான் தலை முழுகிவிட்டு வந்தால் என் ஹெயர் டிரையரைக் காணவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். மனிசன் காரின் மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் பக்குவமாகச் சூடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் நின்றது. ஆறவிட்டார், ஓடியது. திரும்பச் சூடு பிடித்தார், நின்றது. உள்ளே எங்கோ மயிர்போல ஒரு வெடிப்பு, சூட்டில் விரிகிறது என்றார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரித்தது போலவும் இருந்தது. பன்னிரண்டு வருஷம் நான் சமைத்துப் போட்டு வராத சிரிப்பு.

தலையில் துவாயோடு நான் பல்கனியில் நின்றேன். எதிர்ப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சிஞ்ஞோரா பீனா என் ஈரத்தலையையும் பார்த்தா, கீழேயும் பார்த்தா. "உன் புருஷன் உனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை காயவைத்து விட்டிருக்கிறானா?"

கடைசி இரண்டு இலக்கம்

புதுப் பெட்டி வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். எங்களிடம் நாலு நாள். ஆகவே நகருக்கு வெளியே பழைய கார் உடைக்கிற இடத்துக்குப் போனோம். நான் எதற்கு? பெட்டியில் ஒட்டியிருக்கிற எண் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அன்ரன் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர். உடைக்கிறவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தூசி தட்டி நீட்டினார். வாசித்தேன். கடைசி இரண்டு இலக்கம் வேறு. "ஒரு தாய் பிள்ளைகள்தான், சிஞ்ஞோரா" என்றார். "என் தங்கச்சியும் நானும் ஒரு தாய் பிள்ளைகள்தான். அவளுடைய கடவுச்சீட்டில் நான் பிரயாணம் செய்ய ஏலாது" என்றேன்.

இரண்டாவது பெட்டியில் ஒரு எழுத்துக் குறைவு. மூன்றாவதுக்கு அவர் தகரக் குவியலுக்குமேல் ஏறி, பின்பக்கம் நசுங்கின ஒரு காரைத் தேடிப் பிடித்து, வியர்வையில் நனைந்து கழற்றிக்கொண்டு வந்தார். எல்லா எண்ணும் சரி. இருந்தாலும் இரண்டாம் தரமும் வாசித்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அன்ரனுக்குச் சொன்னார்: "இவளை உன்னுடைய கராஜில் வேலைக்கு வை, இல்லாவிட்டால் வீட்டில் வை, இங்கே மட்டும் கூட்டிக்கொண்டு வராதே."

இரண்டு செக்கன்

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி ஏறியது. அன்ரன் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, இரண்டு செக்கன் ஓடி நின்றது. "நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் சீசா என்கிற இடத்தில் ஒரு கூட்டாளியிடம் ஏதோ மெஷின் வாங்கப் போய்விட்டார். ஏன், எதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற புஷ்பமக்காவுக்கு அந்த இரண்டு செக்கனே போதும். கார் சுகமாகிவிட்டது என்று சந்தோஷத்தில் அழுதா. மேசையில் கிடந்த பழைய பெட்டியைக் காட்டி, "தங்கச்சி, இந்தச் செத்ததை நான் எடுக்கட்டோ?" என்று கேட்டா. அடுப்பில் சோறு. "கொண்டுபோங்கோ அக்கா, ஒரு குப்பை குறையும்" என்று நானே என் கையால் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

அன்ரன் திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். "பழையது எங்கை?" சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டார். கலியாணம் முடித்து இவ்வளவு நீளமாக அவர் பேசினதை நான் கேட்டதில்லை: "புதுப் பெட்டிக்கு அக்காவின்ரை திறப்பு ஆரெண்டு தெரியாது. கள்ளன் எண்டு நினைச்சு எஞ்சினை நிப்பாட்டுது. திறப்பின்ரை அடையாளம் பழையதின்ரை ஞாபகத்திலைதான் கிடக்கு. அதை வாசிச்சு இதிலை எழுதோணும்." உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன், மூன்று தரம் எடுத்தேன். பொழுதுபட்டபிறகுதான் பதில் வந்தது. குரல் நல்ல நிம்மதியாக இருந்தது. "அதை நான் சாந்தா ரொசாலியாவுக்குக் குடுத்திட்டன், தங்கச்சி. இப்பதான் மலையாலை இறங்கிறன்."

மலையில்

சாந்தா ரொசாலியா மலைக்கோயிலில் இருக்கிற புனிதை. எங்கள் சனத்தின் நேர்த்திக்கடன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கால் சுகமானால் மெழுகில் கால் செய்து கோயிலில் வைப்போம். கண் சுகமானால் கண். கார் சுகமானால் வருத்தக்கார உறுப்பையே தருகிறேன் என்று அக்கா வேண்டியிருந்தா. ஞாயிறு காலமை பூசை முடிந்த கையோடு அக்காவும் நானும் பெல்லெக்ரீனோ மலைக்குப் பஸ் பிடித்தோம். வழி முழுக்க நான் பேசவில்லை. பேசினால் குப்பை என்ற சொல் முதலில் என்னைத்தான் குத்தும்.

கோயில் பார்க்கிற கிழவர் முதல்நாள் காணிக்கைகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். வெள்ளி இதயங்களுக்கும் ஒரு குழந்தைச் சப்பாத்துக்கும் நடுவில் எங்கள் சென்ட்ரலினா, நீல ரிப்பன் கட்டி, தமிழில் ஒரு கடுதாசியோடு. "கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இங்கே இல்லை" என்றார். கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்து மொழிபெயர்த்தேன்: என் காரைச் சுகப்படுத்தின தாயே, உமக்கு நன்றி. "சுகமாகிவிட்டதா?" "இல்லை. இது இல்லாமல் சுகமாகாது. நாளைக்குக் காலமை இவவுக்கு வேலை போகும்." அவர் பெட்டியையும் பார்த்தார், அக்காவின் காய்த்துப்போன கையையும் பார்த்தார். பிறகு ரிப்பனோடேயே எடுத்துத் தந்தார். "சுகமாகாத நோயாளியின் நன்றியைச் சாந்தா எப்படி வாங்குவா? சுகமானபிறகு கொண்டு வாருங்கள்."

நிற்பாட்டாதேங்கோ

பின்னேரம் அன்ரன் பழைய பெட்டியைத் திறந்து, மெஷினைக் கொழுவி, ஞாபகத்தை வாசிக்கத் தொடங்கினார். ஆறிக் கிடந்ததால் அது வாய் திறந்தது. அக்கா பக்கத்தில் செபமாலையோடு இருந்தா. நான் கடிகாரத்தோடு. எழுதி முடித்து, புதுப் பெட்டியைத் திரும்ப ஏற்றி, திறப்பை அக்காவின் கையிலேயே கொடுத்தார். திருப்பினா. ஒரு செக்கன். இரண்டு. மூன்று. பத்துக்குப் பிறகு நான் எண்ணுகிறதை விட்டுவிட்டேன். பெட்டிக்குச் சூடு ஏறட்டும் என்று அரை மணித்தியாலம் ஓடவிட்டோம். நிற்கவில்லை. "சரி அக்கா, இனி நிப்பாட்டலாம்" என்றார் அன்ரன். அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. "வேண்டாம் தம்பி, நாளைக்குக் காலமை வரைக்கும் இது இப்பிடியே ஓடட்டும்."

திங்கள்

காலமை ஐந்தே முக்காலுக்குக் கார் எங்கள் தெருவைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. எழும்பி ஜன்னலால் பார்த்தேன். பின்பக்கச் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஏழு மணிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: நேரத்துக்குப் போயிட்டியளோ? எட்டரைக்கு இன்னொன்று. அன்ரனிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். கார் நின்றால் இரண்டு மாடி ஏறி வந்து கத்துகிற சனம் கார் ஓடினால் ஒரு விரலைக்கூட அசைக்காது என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே நற்சான்றிதழ். இருந்தாலும் மத்தியானம் மூன்றாம் தரமும் எழுதினேன்.

"அக்கா, சிஞ்ஞோரா கதவு திறந்தவவோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."