இரவல் கோல்கீப்பர்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டு வருடங்களில் மொத்தம் பதினோரு நிமிடம் ஆடியிருந்தேன். அதுவும் முதல் கீப்பரின் கண்ணில் மண் விழுந்ததால் கிடைத்த நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் பென்ச்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல்.

பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்குவதற்கு முன், ஆடி மாதத்தில், எங்கள் கல்லூரியே ஒரு போட்டி நடத்தும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் எங்கள் மைதானம். ஆறு கல்லூரிகள் வரும். கோப்பைக்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. அந்த வருடத்துக்கு யார் தேறுவார்கள் என்று பார்ப்பதற்குத்தான் போட்டி. அது முடிந்த மறுநாள் கோச் சார் இருபது பேர் பட்டியலைப் படிப்பார். பெயர் இல்லாதவர்கள் டிராக் பேண்ட்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பட்டியலில் கீப்பருக்கு இரண்டு இடம். நான் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தேன், எனக்கு அதுதான் கடைசி வருடம். முதலாண்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழோடு வந்திருந்தாள். என்னைவிட அரை அடி உயரம். அவள் கையைத் தூக்கினால் மேல் கம்பம் தட்டுப்பட்டது. மூன்று பேருக்கு இரண்டு இடம் என்றால் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரிப்பக்கம். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றி இறக்குகிறார். அம்மா நூம்பல் பக்கம் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் அப்பா கைநாட்டு வைப்பார். எட்டு வயதிலிருந்து இந்த வேலை. அதனால் எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஹாஸ்டல் பெண்கள் இதற்காக என்னை ஓட்டுவார்கள்.

"ஏய், அவ டிக்கெட்டுக்குப் பின்னாடி இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துட்டுதான்டி பஸ்ஸே ஏறுவா."

போட்டியின் முதல் நாள் காலை, திருவள்ளூர் பக்கமிருந்து வந்த ஒரு கல்லூரி அணியில் கீப்பர் இல்லை. பழையவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். புதிதாக எடுக்கவிருந்த பெண்ணுக்கு இன்னும் அட்மிஷன் முடியவில்லை. இந்த மாதிரிப் போட்டிகளில் இது சகஜம். ஆள் குறைந்த அணிக்கு இன்னொரு கல்லூரி தன் ரிசர்வ் ஆட்டக்காரரை இரவல் கொடுக்கும். கெஸ்ட் பிளேயர் என்று பெயர். போட்டி நடத்துகிற கல்லூரி என்றால் கட்டாயம் கொடுத்தாக வேண்டும், விருந்தோம்பல் மாதிரி.

கோச் சார் பென்ச்சைப் பார்த்தார். அவர் கண் என்மேல் நிற்க அரை நொடிகூட ஆகவில்லை.

"நீ போ. உனக்கு ஆட்டம் கிடைக்கும், அவங்களுக்கு ஆள் கிடைக்கும்."

ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஆறு வரி. சார் நின்றபடியே கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் படித்தேன். நான்காவது வரியில், இரவல் போகிறவர் இந்தப் போட்டி முடியும்வரை அந்த அணியின் ஆட்டக்காரராகவே கருதப்படுவார் என்று இருந்தது. எங்கள் கல்லூரியோடு மோத நேர்ந்தால் என்று ஒரு விலக்கும் இல்லை. இதைச் சாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் மைதானத்துக்குக் கோடு போடுகிறவரைத் திட்டப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த அணியின் பழைய கீப்பருடைய ஆரஞ்சு ஜெர்சியைக் கொடுத்தார்கள். தொடை வரை தொங்கியது. யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. "கெஸ்ட்டக்கா, பால்! கெஸ்ட்டக்கா, இங்க!" என்று கத்தினார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். இரண்டாவது சமன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து பந்தைக் காற்றிலேயே திருப்பிவிடும். மேற்குப் பார்த்த கோலில் நின்றால் பல்லுக்கிடையில் மண். இரண்டு வருடமாகப் பென்ச்சிலிருந்து அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதால் பந்து எங்கே இறங்கும் என்று தெரிந்தது. ஒரு பெரிய கல்லூரியின் நீள உதையை எகிறிப் பிடித்தபோது, எங்கள் முதல் கீப்பர் கோட்டுக்கு வெளியிலிருந்து, "நல்லா புடிச்சடி!" என்றாள். போட்டி முடியும்வரை எங்கள் அணிப் பெண்களிடமிருந்து எனக்கு வந்த கடைசி வார்த்தை அதுதான். அன்று மாலை அரையிறுதி அட்டவணை ஒட்டினார்கள். எங்கள் கல்லூரிக்கு எதிரே நான் இரவல் போன கல்லூரி.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு ஆட்டம். அதற்கு முன் சாப்பாடு. எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் கல்லூரிப் பெண், "நீ அவங்க கணக்குல வந்துட்டல்ல?" என்றாள். நான் அந்தப் பக்கம் போனேன். அந்த அணியோடு வந்திருந்த மேடம் பொட்டலங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க காலேஜ்தானம்மா நடத்துது, உனக்கு அங்க வெச்சிருப்பாங்களே," என்றார். கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஆமா மேடம், வெச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். விமானப்படை முகாம் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் சுற்றிச் சுற்றி வந்தது. அது இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோச் சார் என்னைத் தேடி அங்கே வந்தார்.

"ஜெர்சிய மாத்திக்க. நம்ம பக்கம் வந்துடு. அவங்க யாரையாவது நிக்க வெச்சுக்கட்டும்."

"நம்ம பக்கம் நான் ஆடுறேனா சார்?"

"பென்ச்ல இரு. நம்ம பொண்ணு நமக்கு எதிரா நிக்கறது நல்லா இருக்காது."

"ஃபார்ம்ல போட்டி முழுக்க அவங்களுக்குன்னு இருக்கு சார்."

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதப் படிச்சியா நீ?"

"படிச்சிட்டுதான் சார் கையெழுத்துப் போட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார், எனக்கு அந்த இரண்டு ஆட்டங்களும் கிடைத்திருக்காது. அது எனக்கும் தெரியும். அவருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"சரி, ஆடு," என்றார். "நாளன்னைக்கு லிஸ்ட்டு. ஞாபகம் வெச்சுக்க." போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும், நான் இரவல் போன அணியில் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கரான ஒரு குட்டையான பெண் ஓடி வந்தாள். "கெஸ்ட்டக்கா, போயிடாதீங்க. நீங்க போனா நான்தான் நிக்கணுமாம். பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா நான் கண்ண மூடிப்பேன்கா." அவளுக்காக நான் நின்றேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பென்ச்சுக்கு மறுபடி போக எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். பட்டியலில் எப்படியும் நான் இருக்கப்போவதில்லை, கடைசியாக ஒரு முழு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

ஆட்டத்தில் கோல் விழவில்லை. என் வகுப்பில் படிப்பவர்கள், என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவர்கள், என்னைப் பார்க்காமல் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். ஒருத்தி மோதி விழுந்தபோது கை நீட்டினேன். தரையை ஊன்றித் தானே எழுந்து போனாள். நேரடியாகப் பெனால்டிக்குப் போனது.

பயிற்சியின் கடைசி அரை மணியில் எங்கள் முதல் கீப்பர் ஓய்வெடுப்பாள். அப்போது எல்லாரும் பெனால்டி பழகுவார்கள். கம்பங்களுக்கு நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு வருடம் அது நான். ஒவ்வொருத்தியும் எந்தப் பக்கம் அடிப்பாள், அதற்கு முன் எந்தத் தோள் இறங்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். முதல் இருவரின் பக்கமும் சரியாகத்தான் பாய்ந்தேன், பந்து என்னைவிட வேகமாகப் போனது. மூன்றாவது பந்தைத் தள்ளிவிட்டேன். நான்காவது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நான் நின்ற அணி முதலில் அடித்து, ஐந்தில் நான்கைப் போட்டிருந்தது. ஐந்தாவது எங்கள் கேப்டன். அவள் போட்டால் சமன், போடாவிட்டால் எங்கள் கல்லூரி வெளியே.

கேப்டன் எப்போதும் எனக்கு இடதுபுறம், தரையோடு அடிப்பவள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும், அதனால் இன்று மாற்றுவாள் என்று நினைத்தேன். அவள் நாலு எட்டு பின்னால் போவதற்குள் நான் மூன்று முறை முடிவை மாற்றினேன். கடைசியில் என் கால் பழக்கத்துக்கே போனது. இடதுபுறம் பாய்ந்தேன். பந்து அங்கேயே வந்தது, தரையோடு, எப்போதும் போல. என் நெஞ்சுக்கும் கைக்கும் நடுவில் அடங்கியது.

புழுதியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இரண்டு வருடம் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நின்றது யார் என்று ஒருநாளாவது அவள் கவனித்திருந்தால் பக்கத்தை மாற்றியிருப்பாள். அவளுக்கு நான் வலையின் ஒரு பகுதி.

இரவல் அணிப் பெண்கள் தங்கள் கடைசி பெனால்டியைப் போட்டவளைத் தூக்கிக் கொண்டாடினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கினார்கள். அவர்கள் வேன் பாட்டுச் சத்தத்தோடு கிளம்பியது. எங்கள் பெண்கள் ஹாஸ்டல் பக்கம் கூட்டமாக நடந்தார்கள். நான் கிளவுஸைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

வீட்டில் அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாமா, ஜெய்ச்சியா?"

"ஜெயிச்சோம்பா."

"யார?"

"எங்க காலேஜ."

அப்பா தலை துவட்டுவதை நிறுத்தினார். "உங்க காலேஜயா? அப்ப நீ எந்தக் காலேஜ்?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அது துன்னுச்சான்னு கேளுயா மொதல்ல. மூஞ்சப் பாரு," என்றார். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். படிவத்தைப் பற்றிச் சொன்னபோது அப்பா, "நீ படிச்சத அந்தாளு ஏன் படிக்கல?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சந்தேகம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஆரஞ்சு ஜெர்சியைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தேன்.

பட்டியல் படிக்கிற காலை, டிராக் பேண்ட்டைத் துவைத்து மடித்துப் பையில் எடுத்துப் போயிருந்தேன். சார் கீப்பரிலிருந்துதான் தொடங்குவார். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது, புதிதாக வந்த உயரமான பெண்ணுடையது. இரண்டு வருடமாக முதல் கீப்பராக இருந்தவளின் பெயர் வரவே இல்லை. சார் காரணம் சொல்லவில்லை, அடுத்து பேக் வரிசைக்குப் போய்விட்டார். யாரும் கை தட்டவில்லை. பழைய கீப்பர் தன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்று பேருக்கு இரண்டு இடம் என்ற கணக்கில் அவள் போவாள் என்று நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று தோன்றியது. போகவில்லை.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகப் போட்டியின் முதல் ஆட்டம். கோலில் நிற்பவள் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாலிருந்து அவளுக்குத்தான் மொத்த மைதானமும் தெரியும். நான் கத்தினேன். எனக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக் பெண்கள் காதில் வாங்காததுபோல் நின்றார்கள். எதிரணி கார்னர் எடுக்க வந்தது. கம்பத்தோரம் ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"லெஃப்ட்ல ஆளு! யாராவது போங்கடி!"

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இடதுபக்கம் நகர்ந்து அவளை மறித்துக்கொண்டு நின்றாள். பந்து வந்தது, பிடித்தேன். யாருக்கு எறிவது என்று பார்த்தபோது அவள் வலது ஓரமாக ஓடத் தொடங்கியிருந்தாள், பந்து கேட்கும் கை இடுப்பளவுக்கு மட்டும் உயர்ந்திருந்தது. அவளுக்கு எறிந்தேன்.