வேப்பிலைக்கு உள்ளே போன ஊசி

1957 கோடையில் ஃப்ளூ ஜுரம் மெட்ராஸிலிருந்து கடலோரமாக இறங்கிச் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தது. வந்த வாரமே எங்கள் டிஸ்பென்சரி டாக்டர் படுத்துவிட்டார். கம்பவுண்டரான நான் ஒருவனே மிக்ஸ்சர் கலக்கினேன். பாட்டில் கொண்டுவராதவர்கள் கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்தார்கள். வரிசை புளியமரம் வரை நின்றது.

அந்த வரிசையில் செல்வி இல்லை. முந்தின நாளும் அவள் வரவில்லை.

செல்வி மீனவர் குப்பத்துப் பெண், பத்து வயது. சர்க்கரை நோய். மெட்ராஸில் கண்டுபிடித்து, தினமும் காலையில் இன்சுலின் போட எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மருந்துக் குப்பியை ஈர மணலில் புதைத்த பானைக்குள் குளிர்ச்சியாக வைத்திருந்தேன். ஊசிக்கு முன்னால் டெஸ்ட். டெஸ்ட் டியூபில் நீலக் கரைசல் ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். நீலத்துக்குச் செல்வி வைத்த பெயர் 'கடலு'. செங்கல் நிறத்துக்கு 'கோட்டை', ஊரிலுள்ள டச்சுக்காரர் கோட்டையை வைத்து.

"இன்னிக்குக் கோட்டையா அண்ணாத்த? நேத்து மாம்பயம் துன்னேன், அதான்" என்று தானே ஒப்புக்கொள்வாள்.

வாசலில்

வரிசையை நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியோடு குப்பத்துக்குப் போனேன். செல்வி வீட்டுக் கூரையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அம்மை கண்ட வீடு என்று அர்த்தம். வெளியாள் உள்ளே போகக்கூடாது. ஊசி, மருந்து எதுவும் உடம்பில் படக்கூடாது.

அவள் தாய் பட்டம்மா வெளியே வந்தாள். "ஒடம்பு கொதிக்கிது அண்ணாத்த. கயுத்துல முத்து போட்டுகீது. ஆத்தா வந்துட்டா."

"சாப்பிட்டாளா?"

"கஞ்சித் தண்ணிகூட எறங்கல. துன்னாதானே சக்கர? துன்னலன்னா ஊசி எதுக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜுரத்தில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். கதவிடுக்கில் பார்த்தேன். கழுத்தில் இருந்தது கத்திரி வெயிலின் வேர்க்குரு. குழந்தை ஓடிவந்தவள் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இன்சுலின் போகாவிட்டால் நினைவு தப்பும். பிறகு மீட்பது கஷ்டம்.

பக்கத்து வீட்டு முனியம்மா வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "இன்னா கம்பவுண்டரே, ஆத்தா ஒடம்புலயே குத்துவியா? அப்பறம் குப்பத்துல ஒரு வூடு தங்காது!"

வேர்க்குரு என்று சொல்லி அந்தத் தெருவில் ஜெயிக்க முடியாது. சிறுநீரை மட்டும் கேட்டேன். பட்டம்மா கொட்டாங்கச்சியில் கொண்டுவந்தாள். குடையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, தெரு மணலிலேயே விளக்கைக் கொளுத்தினேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கலாகிவிட்டது.

உள்ளிருந்து சன்னமான குரல் வந்தது. "இன்னா கலரு அண்ணாத்த?"

"கோட்டை."

செல்வி தாயைக் கூப்பிட்டாள். "யம்மா, ஊசிய வாங்கினு வா. நானே போட்டுக்கறேன்."

"அடிப்பாவி! ஆத்தா கீற ஒடம்புடி!" என்றாள் முனியம்மா.

"ஆத்தா என் மேலதான கீறா? அப்ப என் கையும் ஆத்தா கைதான. ஆத்தா தானே போட்டுகினா உனுக்கு இன்னா?"

முனியம்மா கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள்.

கொதிக்கவைத்த சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, தட்டோடு கொடுத்தேன். பட்டம்மா அதை இரு கையாலும் ஏந்திப் போனாள். கதவிடுக்கு வழியே தெரிந்தது: தாய்மேல் சாய்ந்தபடி அந்தக் குழந்தை, நான் செய்வது போலவே தொடைச் சதையை இரு விரலால் தூக்கிப் பிடித்தாள். மெதுவாக அழுத்தி முடித்தாள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவன் நான். அந்த நிதானம் எனக்குக்கூட வராது.

"நீ போடறதவிட வலி கம்மிதான் அண்ணாத்த" என்றாள் உள்ளிருந்து.

கடல்

படுக்கையில் இருந்தபடியே டாக்டர் சொன்னார்: "சாப்பிடலைன்னாலும் ஊசியை நிறுத்தக் கூடாது. நிறத்தைப் பார்த்து அளவு போடு. உப்புக் கஞ்சித் தண்ணி நிறையக் குடிக்கட்டும்." காலையும் மாலையும் அந்தத் தெரு மணலில் விளக்குக் கொளுத்தினேன்; ஊசியைச் செல்வியே போட்டுக்கொண்டாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து நிறத்துக்குப் பந்தயம் கட்டினார்கள். மஞ்சள் வந்த அன்று முனியம்மா, "இன்னிக்கு மாம்பயம்!" என்றாள். பிறகு பச்சை. ஒரு காலையில் கரைசல் கொதித்துப் பொங்கியது. நிறம் மட்டும் மாறவில்லை. முனியம்மாதான் முதலில் கத்தினாள்: "கடலு! யேய், கடலு வந்துட்ச்சி!"

ஜுரத்தில் இன்சுலினை நிறுத்தாதே என்பது புத்தகத்தில் இருக்கிறது. சாத்திய கதவை உள்ளே படுத்திருப்பவரே திறக்கக்கூடும் என்பதை அந்தத் தெருவில் கற்றேன்.

ஆத்தா இறங்கியதாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், மஞ்சள் பூசிய முகத்தோடு செல்வி டிஸ்பென்சரிக்கு வந்தாள். நான் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அவள் உள்ளங்கையை நீட்டியபடி நின்றிருந்தாள், சிரிஞ்சை வாங்கிக்கொள்ள.