மேல்தட்டில் உருகிய தேங்காயெண்ணெய்

ரோவில் என்ற புறநகர்ப் பக்கம் சின்னதொரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, நானும் கணவரும் பலசரக்கு இறக்கி விற்கிறோம். குளிர்காலம் தொடங்கியதும், அங்கே சாமான் பொதி செய்யும் செல்வி அக்கா, "விரல் மடங்குதில்லை. இப்பிடியே குளிர்ந்தால் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

உடனே சுவரில் உயரத்தில் சூடான காற்றை ஊதும் ஹீற்றர் ஒன்றைப் பூட்டினோம். இரண்டு வாரமாகியும் அக்கா கையுறையைக் கழற்றவில்லை. "இது காணாது, இன்னும் பெரிசு வேணும்" என்று கணவர் அடுத்ததற்குச் சொல்லிவைக்கப் போனை எடுத்தார்.

அந்த நேரம் நான் தேங்காயெண்ணெய் எடுக்க ஏணியில் ஏறியிருந்தேன். மேல்தட்டுப் போத்தலில் எண்ணெய் தண்ணீராய் ஆடியது. கீழே அக்கா பொதி செய்யும் மேசையில் இருந்த போத்தலோ வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. இரண்டும் ஒரே நாளில் இறக்கியவை. கையை நீட்டிக்கொண்டே மெல்ல இறங்கினேன். கூரையடியில் இருந்த கதகதப்பு படிக்குப் படி குறைந்து, தரைக்கு வரும்போது ஒன்றுமேயில்லை.

"இஞ்ச வந்து ஏறிப் பாருங்கோ. நாங்கள் கூரையையெல்லோ சூடாக்கியிருக்கிறம்" என்றேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டுப் போனை வைத்தார்.

ஹீற்றர் விற்றவர் கிடங்கின் நீள அகலத்தைத்தான் கேட்டார். ஆள் எங்கே நிற்பார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்போது மேசைக்கு மேலே, வெயில்போலச் சூடு நேரே ஆளில் படும் ஹீற்றர் தொங்குகிறது. தேநீர் நேரத்தில் நான் சுவரில் வெப்பநிலை காட்டும் இலக்கத்தைப் பார்ப்பதில்லை. அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் எண்ணெய்ப் போத்தலைத்தான், உருகி ஆடுகிறதா என்று சரித்துப் பார்க்கிறேன்.