பதுங்கறையில் பேசிய அம்மா

எல்ஸ்பெத் ரூஸுக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எழுபத்தொன்றாவது வயதில், ஓல்டன் நகரத்து மூடுபனி ஜன்னலை விட்டு நகரவே நகராத ஒரு நவம்பரில். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு சீழ்க்கை போலப் போய் வந்தது. பேச்சு போனது போனதுதான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஐம்பது வருஷம் குரலை வைத்தே வயிறு வளர்த்தவளுக்கு நடந்தால் என்னத்தைச் சொல்வது?

அவள் என்னதான் செய்யவில்லை! இருபத்தொரு வயதில் 'லிஸ்' என்ற பெயரில், முழங்கால் வரை வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைக் கோடையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாள். ஒரு வருஷம் நாடே அதை முணுமுணுத்தது, அடுத்த வருஷம் மறந்தேபோனது. அப்புறம் ஜெர்மனியில் பெரிய பாடகர்களுக்குப் பின்பாட்டு, சொகுசுக் கப்பல்களில் மாலைக் கச்சேரி, சீஸ் விளம்பரம், மலை ரயிலில் நிறுத்தங்களை அறிவிக்கிற வேலை, குழந்தைகள் கேசட்டில் சூனியக்காரி முதல் முட்டையிடாத கோழி வரை. கடையில் அவள் ரொட்டி கேட்டால் போதும், நாற்பது வயது ஆம்பளை திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போவான். சின்ன வயதில் அந்தச் சூனியக்காரிக்குப் பயந்து படுக்கையை நனைத்தவனாக இருப்பான். எல்ஸ்பெத் அதை ரசிப்பாள், பொல்லாதவள்.

இப்போது அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. தன் குரல். பழைய பதிவுகளைக் கொடுத்தால், தட்டச்சு செய்வதை அதே குரலில் பேசுகிற எந்திரம் செய்து தருவதாக ரெட்டோ என்ற ஒலித் தொழில்நுட்பக்காரன் சொல்லியிருந்தான். இரண்டு பெட்டி நிறையப் பதிவுகளைக் கொடுத்தாள். ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

“மேடம், இதுல கோழி இருக்கு. சூனியக்காரி இருக்கு. சீஸ் விக்கிற பொம்பள இருக்கா. நீங்க எங்க இருக்கீங்க?”

எல்ஸ்பெத்துக்குச் சுருக்கென்றது. அவள் அவளாகப் பேசியதை யார் பதிவு செய்வார்கள்? யோசித்து யோசித்துக் கடைசியில், மகள் ரெகுலாவுக்காகப் பேசி வைத்த கேசட்டுகள் நினைவுக்கு வந்தன. ரெகுலாவின் அப்பா ஒரு டிரம் வாசிப்பவன், குழந்தை பிறந்த மறுவருஷமே கனடாவுக்குப் போனவன் போனவனே. எல்ஸ்பெத் கப்பலில் பாடப் போகும்போதெல்லாம் மேல்வீட்டு வ்ரேனிதான் குழந்தையைப் படுக்க வைத்து, டேப் ரெக்கார்டர் பொத்தானை அழுத்திவிட்டுப் போவாள். குழந்தை அம்மா குரலைக் கேட்டபடி தூங்கும். அந்தக் கேசட்டுகளை எல்ஸ்பெத் கட்டடத்துக்கு அடியில் இருந்த பதுங்கறையில் பதிவு செய்தாள். போர் வந்தால் பதுங்குவதற்கென்று கட்டிய அறையில் எல்லோரும் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் போட்டு வைத்திருந்தார்கள். அரை மீட்டர் காங்கிரீட் சுவர், வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. இதைவிட நல்ல ஸ்டுடியோ எங்கே கிடைக்கும்? கேசட்டுகள் இன்னும் அங்கேயே ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருந்தன. பதினான்கு. ரெகுலாதான் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் பெர்னில் இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து வந்த ரெட்டோ கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“முதல் ஆறு கேசட் ரொம்பத் தேஞ்சிருந்துச்சு, சுத்தம் பண்ணி எடுத்தேன். அது நீங்கதான். மிச்சம் எட்டுல பேசறது வேற ஆள்னு எந்திரம் சொல்லுது. என் காதுக்கு வித்தியாசமே தெரியல மேடம். நாலு தடவ சோதிச்சுட்டேன், நாலு தடவையும் ரெண்டு பேர்னுதான் வருது.”

ஒன்பதாவது கேசட்டைப் போட்டான். எல்ஸ்பெத்தின் குரல் வந்தது. வாக்கியத்துக்கு முன்னால் அவள் மூக்கை லேசாக உறிஞ்சும் பழக்கம்கூட அப்படியே இருந்தது.

“ரெகுலா கண்ணு, நாளைக்கு அம்மா எங்கயும் போகல. கேக்குக்கு ஆப்பிள் நறுக்கி வெச்சிருக்கேன். நீ எழுந்து வரும்போது வீடே மணக்கும் பாரு.”

இந்த வார்த்தைகளை எல்ஸ்பெத் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குழந்தைக்காக ஓர் ஆப்பிளை அவள் நறுக்கியதும் இல்லை, உண்மையைச் சொன்னால் என்ன? பெட்டியை எண்ணிப் பார்க்காமலே ரெட்டோவிடம் கொடுத்திருந்தாள்; அவள் பேசியது ஆறு கேசட்தான், அது நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் இவள் யார்?

ரெட்டோ இரண்டு குரல்களையும் எந்திரத்தில் ஏற்றியிருந்தான். ஆறு கேசட்டில் செய்த குரல் ‘காலை வணக்கம்’ என்றபோது அடுத்த ரயில் நிறுத்தத்தில் இறங்கத் தோன்றியது. எட்டுக் கேசட்டில் செய்த குரலோ பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டிப் பேசியது.

“இந்த ரெண்டாவது வேணும்னா, அது யாரோட குரலோ அவங்க கையெழுத்து வேணும்” என்று ஓர் ஒப்புதல் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

எல்ஸ்பெத் மேல்வீட்டுக்குப் போய் விஷயத்தைக் காகிதத்தில் எழுதி நீட்டினாள். படித்ததும் வ்ரேனி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“இத்தன வருஷம் கழிச்சா கேக்கற? அன்னிக்கே சொல்லியிருப்பேன்டி. குடிச்சிருக்கியான்னு கேட்டிருப்ப. எண்பத்து நாலாம் வருஷம். வியாழக்கிழமை, கீழ பொதுச் சலவை அறைல என் முறை. துணிய எடுக்கக் கீழ போனேன். பதுங்கறைக் கதவு கொஞ்சமா திறந்திருந்துச்சு. உள்ள நீ பேசிட்டிருந்த. நடுவுல சிரிக்கற. சரி, ஊர்லருந்து வந்துட்டா போலன்னு மேல வந்தேன். வந்தா ஃபோன் அடிக்குது. எடுத்தா, நீ! ஹாம்பர்க்லருந்து! ரெகுலா சாப்பிட்டாளான்னு கேக்கற!”

வ்ரேனி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“துணிய எடுக்க நான் திரும்பிப் போகவே இல்ல. மறுநாள் மூணாம் மாடிக்காரன் வந்து குதிக்கறான், அவன் முறைல என் துணி தொங்குதாம். அடேய், உன் முறைய நீயே வெச்சுக்கோடான்னு சொல்லிட்டேன்.”

எல்ஸ்பெத் பதுங்கறைக்கு இறங்கிப்போனாள். பட்டப்பகல்தான். ஆனால் அந்த அறைக்குப் பகல் எது, ராத்திரி எது? விளக்கைப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். கழுத்துத் துளையின் சீழ்க்கை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல. தன் மூச்சுதான் என்று தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளுடைய ஒவ்வொரு இழுப்பையும் உறிஞ்சலையும் மனப்பாடமாகக் கேட்டவள் ஒருத்திதான் என்பது அங்கேதான் உறைத்தது. மேலே வந்து, பதினொரு வருஷத்தில் முதல்முறையாக மகளுக்குச் செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரெகுலா வந்தாள். நாற்பத்தொன்பது வயது, நரைத்த குட்டை முடி, பல் மருத்துவரிடம் வேலை. அம்மாவின் கழுத்துத் துளையைப் பார்த்ததும் அவள் கண் ஒரு நொடி அலைபாய்ந்தது. நின்றபடியே கேசட்டைக் கேட்டாள்.

“நான்தான். உன் கேசட் தேஞ்சுபோச்சு. நீ பேசறது தண்ணிக்குள்ள பேசற மாதிரி ஆயிடுச்சு. புதுசு பேசித் தாம்மான்னு கேட்டேன், அடுத்த வாரம்னு சொன்ன. எத்தன அடுத்த வாரம்! அதான் கீழ போய் நானே பேசிக்கிட்டேன். அப்ப எனக்குப் பதினாலு வயசு.”

எல்ஸ்பெத் நம்பாமல் தலையை ஆட்டினாள். ரெகுலா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லேசாக மூக்கை உறிஞ்சினாள். மகளின் வாய் திறந்தது, எல்ஸ்பெத் ரூஸின் குரல் வந்தது.

“குளிருது பாரு கண்ணு. ஸ்வெட்டர் போட்டுக்கோ.”

எல்ஸ்பெத்தின் கை நாற்காலி முதுகில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துவிட்டது. ஒரு கையை உள்ளே நுழைத்த பிறகுதான் தான் செய்வது தெரிந்தது. ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றாள். வெட்கமும் பயமும் சேர்ந்து அழுகையாக வந்தது. அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை.

காகிதத்தை இழுத்து எழுதினாள்: ‘எனக்குக் கொடு.’

“எதுக்கு? உனக்குத்தான் ரயில் குரல் இருக்கே?”

‘அதில் நான் இல்லை.’

“இதுலயும் நீ இல்லம்மா” என்றாள் ரெகுலா. அவள் குரல் இப்போது அவளுடையதாகவே இருந்தது. “இவ ஊருக்குப் போகாதவ. வீட்டுலயே இருந்தவ. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவதான் பக்கத்துல இருந்தா. இவள எடுத்துட்டுப் போய் நீ பேக்கரில ரொட்டி வாங்கப் போறியா?”

எல்ஸ்பெத் பேனாவை மகள் பக்கம் நீட்டினாள். வெளியே பனி இன்னும் கனத்திருந்தது. ரெகுலா ரெட்டோவின் தாளை எடுத்து இரண்டு முறை படித்தாள். பிறகு சட்டென்று கையெழுத்துப் போட்டாள்.

“யார்கிட்ட வேணா பேசு. எங்கிட்ட மட்டும் அவளா பேசாத. அவ செத்தே போயிட்டான்னு நெனச்சிருந்தேன்.”

அந்தக் குரலில் எல்ஸ்பெத் இப்போது ஊரெல்லாம் பேசுகிறாள். “அச்சு அசல் நீங்களேதான்!” என்று பேக்கரிக்காரி கைதட்டுகிறாள். மருத்துவர் தன் மாணவர்களை அழைத்துவந்து காட்டுகிறார். வ்ரேனி மட்டும் பதில் சொல்லும்போது எந்திரத்தைப் பார்ப்பதில்லை, சலவை அறைக்கும் தனியாக இறங்குவதில்லை. சில சமயம் எல்ஸ்பெத் தட்டிய வார்த்தைகளை அந்தக் குரல் அவள் நினைத்ததைவிட அன்பாகச் சொல்லிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரெகுலா ஃபோன் செய்கிறாள். எல்ஸ்பெத் எந்திரத்தை அணைத்துவிட்டு, ரிசீவரைக் கழுத்துத் துளைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறாள். காற்று சீறி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மறுமுனையில் ரெகுலா பல்வலிக்காரர்களைப் பற்றி, பெர்னில் பெய்த பனியைப் பற்றி ஏதாவது சொல்கிறாள். பிறகு அவளும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். அந்தச் சீழ்க்கை மட்டும் போய் வருகிறது. ஒருநாள் எல்ஸ்பெத், மகளுக்குச் சலித்திருக்கும் என்று நினைத்து, ரிசீவரைக் கீழே இறக்கினாள்.

“வெச்சிடாதம்மா” என்றது ஃபோன். “இதுதான் நீ. இன்னும் கொஞ்ச நேரம் இரு.”