முருகேசனின் வெள்ளை அணுக்கள்

தோல் ஃபேக்டரி ஆட்களிடம் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுப்பது என் வேலை. ஊசியோடு போய் நின்று திட்டு வாங்கியிருந்தால் உங்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பேர் வேண்டாம்

ஆம்பூரில் ஒரு டேனரி. முருகேசன் அங்கே டிரம் செக்ஷன். சுழலும் பெரிய மர டிரம்மில் தோலோடு, அதைப் பதப்படுத்தும் கெமிக்கலான க்ரோம் உப்பைக் கொட்டுகிறவர். கையுறை எங்கே என்று கேட்டால், பாக்கெட்டில் மடித்து வைத்திருப்பதைக் காட்டுவார். அடிக்கடி காய்ச்சல், வாயில் புண்.

ஆனால் கான்ட்ராக்ட் ஆள். உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் நாளைக்கே வரவேண்டாம் என்பார்கள். ரிசல்ட் உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நம்பினால்தானே!

"பேர மட்டும் வேற எதுனா எழுதிக்கோங்க மேடம்."

தற்கொலை

"வெள்ளை அணு உடம்புக்குக் காவல். கெமிக்கல் போய் அதைக் கெடுத்தா, உள்ளே இருக்கிற ஏற்பாட்டின்படி அதுவே சுருங்கி, துண்டு துண்டாகிச் செத்துப்போகும்" என்று விளக்கினேன். முழித்தார். "தற்கொலை மாதிரி" என்றேன். என் வாயைத் தைக்க வேண்டும். "ரத்தத்துல தற்கொலை இருக்குதாம்" என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். சாயந்திரமே அவர் மனைவி கற்பகம் போன் பண்ணினார்.

"எங்களுக்குள்ள சண்டைகூட கெடையாதுங்க. இன்னாத்துக்கு அவரு அப்படிப் பண்ணிக்கணும்?"

பச்சை

வேலூர் லேபுக்கு இருவரையும் வரச்சொன்னேன். சாகத் தொடங்கிய அணுக்கள் மட்டும் பச்சையாக மின்னும்படி ஒரு சாயம் போடுவோம். மைக்ராஸ்கோப்பில் முருகேசனையே பார்க்கவிட்டேன். அவருடைய அணுக்களில் ரொம்ப ஜாஸ்தி மின்னியது. அவர் சிரித்தார்.

"பச்சப்பசேல்னு இருக்குது மேடம், நல்ல சேதிதானே?"

வேற செக்ஷன்

உண்மையைச் சொன்னேன். கற்பகம் அழவில்லை. மறுநாளே டேனரிக்குப் போய், அவரை பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் நின்றார். மாற்றியும் விட்டார்கள்.

சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தேன். பச்சை கம்மி. காய்ச்சலும் நின்றிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ஜோரில், "இப்ப டிரம்முல யாரு?" என்று கேட்டுவிட்டேன். கற்பகம்தான் பதில் சொன்னார்.

"எங்க அண்ணன் மேடம். பதிலுக்கு ஒரு ஆள் குடுத்தாத்தான் மாத்துவோம்னுட்டாங்க."

எங்கள் தொழிலில் நல்ல ரிசல்ட் வந்த அன்றைக்கு, கூட ஒரு கேள்வி கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.