காலியாக இருந்த கட்டம்

எங்கள் உரக்கடைக்குள் ஆண்டுக்கு ஒருமுறைதான் கலை தலைகாட்டும். ஆடி கழிந்ததும் சிவகாசியிலிருந்து காலண்டர் ஏஜெண்ட் ஒருவர் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ராஜபாளையத்துக்கு வருவார். அன்று மட்டும் யூரியாப் பேச்சு நின்று, முருகனா, லட்சுமியா, கொழுகொழு குழந்தையா என்ற விவாதம் நடக்கும். பெரியப்பா எப்போதும் லட்சுமி கட்சி. அப்பாவுக்கு யார் வந்தாலும் சம்மதம். காலண்டர் விஷயத்தில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, காலண்டரில் தன் பெயரும் வரவேண்டும் என்று சித்தப்பா கேட்டிருந்தார். கடை தாத்தா வைத்துவிட்டுப் போனது, மூன்று பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் உரிமையாளர்கள் என்று அச்சாவது பெரியப்பா பெயரும் அப்பா பெயரும்தான். தேவதானம், சேத்தூர் என்று லைனுக்குப் பஸ் ஏறி அலைந்து ஆர்டர் பிடித்து வருபவர் சித்தப்பா. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அவர் முகம்தான் கடை.

அவருக்கு அவசரமும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கோர்ட்டு குமாஸ்தா, எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர். மாப்பிள்ளைக்குக் கடையில் பங்கு உண்டா, இல்லை சம்பளத்துக்கு இருக்கிறாரா என்று தரகரிடம் கேட்டிருந்தார். காலண்டரில் பெயர் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை என்று சித்தப்பா நினைத்தார். பெரியப்பாவிடம் கேட்கப் பயந்து அப்பாவிடம் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ லைனுக்குப் போ என்று அப்பா அனுப்பிவைத்தார்.

ஏஜெண்ட் வந்த அன்று நான் கடையில்தான் இருந்தேன். ஆர்டர் தாளில் காலண்டர் அட்டையைக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். மேலே படம். அதன் கீழே கடையின் பெயர். இடப்பக்கம் உரம், வலப்பக்கம் பூச்சி மருந்து. பிறகு உரிமையாளர்கள், போன் நம்பர். கட்டங்களை நிரப்பியது அப்பா, வீட்டில் அவர் கையெழுத்துதான் குண்டு குண்டாக இருக்கும். அவர் தயங்கித் தயங்கித் தம்பியின் பெயரை எடுத்தார்.

"மூணு பேரு எங்க கொள்ளும்? எழுத்து எறும்பாட்டம் ஆயிரும்" என்றார் பெரியப்பா.

அப்பா பேனாவை மூடிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடியில் ஒரு பெரிய கட்டம் யாருக்கும் இல்லாமல் கிடந்தது. அதில் விரலை வைத்து, "இந்த எடம் சும்மாதான கெடக்கு" என்றேன்.

ஏஜெண்ட் சிரித்துவிட்டு, "பாப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். பெரியப்பா கையமர்த்தினார்.

"புள்ள சொல்ற எடத்துலயே போட்டுருங்க."

ஏஜெண்ட் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனாவைத் திறந்து, கட்டம் நிறையத் தம்பியின் பெயரை எழுதினார். பெரியப்பா என் பேச்சைக் கேட்டதை வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உங்கள் பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிசு என்று சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் எனக்குப் பால்கோவா வாங்கி வந்தார்.

மார்கழியில் காலண்டர் கட்டுகள் வந்து இறங்கின. சித்தப்பாவே கயிற்றை அறுத்தார். லட்சுமி இருந்தாள், உரம் இருந்தது, பூச்சி மருந்து இருந்தது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதித்தாள் கட்டு ஆணியடித்து உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் தினமும் தேதி கிழிப்பது நான்தான். அந்தக் கட்டம் எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பா தாள்களை மொத்தமாகத் தூக்கிப் பார்த்தார். அடியில், அட்டையில், அப்பா எழுதிக்கொடுத்தபடியே பெரிய எழுத்தில் பெயர் இருந்தது.

"உள்ளதான இருக்கு. வருசக் கடைசியில தெரியும்" என்றார் பெரியப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சித்தப்பா சண்டை போடவில்லை. ஒரு காலண்டரின் தேதித்தாளை முழுசாகப் பிய்த்தெடுத்து, அட்டையை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததைத் தரகர் பிறகு சொன்னார். குமாஸ்தா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "தம்பி, இதுல தேதி எங்க?" என்று கேட்டாராம். தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றாராம். தை பிறந்தது. அவர்களிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை.

மாசியில் சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை தேடிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னை மட்டும் கூட்டிப்போனார். அவர் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"பெரியண்ணன் கொணம் தெரிஞ்சதுதான். ஒங்கப்பா அன்னைக்கு அங்கன இருந்திருக்க மாட்டாக, இருந்திருந்தா விட்டுருப்பாகளா" என்றார்.

அப்பாவைப் பற்றி அவர் நல்லவிதமாகச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது போதாது, அப்பா செய்ததையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்பா இருந்தாங்க சித்தப்பா. ஒங்க பேர அவங்கதான் அவங்க கையால எழுதுனாங்க."

"அவக கையாலயா?" என்றார் சித்தப்பா. பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து தவறாமல் வந்தது. அப்பாவுக்கு ஒரு வரி வந்ததில்லை. போகிற அன்றைக்கு உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று அப்பா என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.